வட்டார நாவலின் பின்னே அகராதி எதற்கு?

3 நவம்பர் 2024

கடந்த ஐந்தாறு மாதங்களில் அடுத்தடுத்துப் படித்த நாவல்களை வைத்து ஒரு கருத்தை முன்வைக்கிறேன். வட்டார வழக்கில் எழுதப்பட்ட நாவலின் கடைசிப் பக்கங்களில் சொற்பொருள் பட்டியல் சேர்ப்பது வாசகருக்குச் செய்யும் உதவியன்று; நடந்துகொண்டிருப்பவரைப் பாதி வழியில் சட்டையைப் பிடித்து நிறுத்தும் வேலை. கதையில் ஒருவன் கோபத்தின் உச்சியில் பேசிக்கொண்டிருக்கிறான். அவன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லின் தலைமேல் உடுக்குறி (*) இருக்கிறது. நான் அவனை அப்படியே விட்டுவிட்டுப் புத்தகத்தின் கடைசிக்கு ஓடி, பொருளைத் தெரிந்துகொண்டு திரும்பி வந்து பார்த்தால் அவன் கோபம் ஆறிப்போயிருக்கிறது.

பூமணியின் ‘வெக்கை’யை இந்த முறை ஒரே மூச்சில் படித்தேன். 1982இல் வெளிவந்த சிறிய நாவல். பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் சில நாட்கள்தாம் கதை. அவன் எதைப் பறித்தான், எதைச் சுட்டான், எந்த இலையில் வைத்துத் தின்றான் என்பதற்கெல்லாம் கரிசல் காட்டுச் சொற்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றுக்குக்கூட நான் அகராதியைத் தேடவில்லை. பசித்தவன் கையில் எடுப்பது தின்னும் பொருளாகத்தானே இருக்கும்? அந்தச் செடியின் தாவரவியல் பெயர் எனக்கு எதற்கு?

4 நவம்பர்

நேற்று எழுதியதைப் படித்த நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “கரிசலுக்கு அகராதியே தொகுத்தவர் கி. ராஜநாராயணன், அவரும் வழிமறித்தவர்தானா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ‘வெக்கை’ வந்த அதே 1982இல்தான் கி.ரா.வின் ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’யும் வந்தது. ஆனால் அது தனி நூல். எந்த நாவலின் வாலிலும் கட்டப்பட்டதன்று. என்னிடமுள்ள பிரதியை நான் ஒருநாளும் பொருள் தேடுவதற்காகத் திறந்ததில்லை. மதிய உணவுக்குப் பின் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து, நாவலைப் போலவே படித்திருக்கிறேன்.

அதே உரையாடலில் ‘கோபல்ல கிராமம்’ சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல் என்று நான் சொல்லிவிட்டேன். அது தவறு. பரிசு 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குக் கிடைத்தது; ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வந்த முந்தைய நாவல். நண்பர் மரியாதை கருதித் திருத்தாமல் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

11 நவம்பர்

இப்போது படித்துக்கொண்டிருப்பது தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. நூலகப் பிரதி. எனக்கு முன்னால் இதை எடுத்துச் சென்ற யாரோ ஒருவர் ஓரங்களில் பென்சிலால் பொருள் எழுதிவைத்திருக்கிறார். முதல் இருபது பக்கங்கள் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் எந்தப் பட்டியலை வேண்டாம் என்று எழுதினேனோ, அது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தது. பிறகு அந்தப் பென்சில்காரர்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. அரபுச் சொற்களையெல்லாம் சரியாக எழுதியிருக்கிறார். மலையாளச் சாயல் கொண்ட சொற்களில் தடுமாறியிருக்கிறார். ‘சுறாப்பீலி’ என்ற சொல்லின் பக்கத்தில் ‘மயில் தோகை’ என்று எழுதிவைத்திருக்கிறார்! பீலி என்றால் மயிற்பீலி என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர் போலிருக்கிறது. ‘பீலிபெய் சாகாடும்’ என்ற குறளை மனப்பாடம் செய்த எவருக்கும் இந்த விபத்து நேரக்கூடும். கடலுக்குள் தோகை விரித்து நீந்தும் சுறாவை நினைத்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை வீட்டில் உள்ளவர்கள் கவலையோடு பார்த்தார்கள்.

சரியான அகராதி ஒன்று பின்னால் இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள்.

12 நவம்பர்

நாவலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று இப்போதுதான் உறைத்தது. தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்து மலையாள வழியில் கல்வி கற்று, மிளகாய் வணிகம் செய்துகொண்டே தமிழில் எழுதியவர் மீரான். ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்த இந்தக் கதை 1988இல் நூலானது. வடக்கு வீட்டு அகமதுகண்ணு முதலாளியின் அதிகாரம் சிறிது சிறிதாக உதிர்வதை, அவர்மேல் வெறுப்பும் பரிதாபமும் ஒரே நேரத்தில் எழும்படி எழுதியிருக்கிறார். ஊருக்குள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கும் பகுதிகளை மட்டும் இரண்டு முறை படித்தேன். எதிர்ப்பவர்களை ஆசிரியர் மூடர்களாக வரைந்து ஒதுக்கிவிடவில்லை. அவர்களுடைய அச்சத்துக்கு உள்ளே போய் நின்று எழுதுகிறார்.

24 நவம்பர்

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. 1964இல் வெளிவந்த நாவலை இவ்வளவு காலம் படிக்காமல் இருந்ததற்குச் சொல்லிக்கொள்ளும்படி காரணம் எதுவும் இல்லை.

பனைவிளை என்ற ஊரில் நொடித்துப்போன ஒரு பெரிய வீட்டின் பேத்தி லிஸி. அவளுக்கும் பனையேறி குடும்பத்துத் தங்கராஜுக்கும் இடையே ஏற்படும் அன்பு. கதை இவ்வளவுதான் என்று சொன்னால் எளிமையாகத் தோன்றும். ஆனால் வயது வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள் அடைக்கப்பட்டு, அடிச்சுக்கூடு என்னும் வீட்டுப் பகுதியில் நின்று வெளியுலகத்தைப் பார்க்கும் லிஸியை எழுதும்போது ஆசிரியர் குரலை உயர்த்துவதே இல்லை. அந்தத் தணிந்த குரல்தான் என்னை அலைக்கழித்தது.

இந்த நாவலைப் படித்தபோது நவம்பர் 3ஆம் தேதிக் கருத்தில் முதல் விரிசல் விழுந்தது. ‘அக்கானி’ என்ற சொல்லைக் காவிரிக்கரைக்காரனான நான் இடத்தை வைத்து ஊகித்து, ஏதோ குடிக்கும் பொருள் என்று கடந்துவிட்டேன். ஒருவாரம் கழித்து, குளச்சல் பக்கத்தைச் சேர்ந்த முன்னாள் அலுவலக நண்பரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். “பதநீர்தான்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, பிறகு அரைமணி நேரம் பேசினார். காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கியதை அன்றே காய்ச்ச வேண்டும். காய்ச்சினால்தான் கருப்பட்டி, கருப்பட்டி விற்றால்தான் அரிசி. ஆண் மரத்தில் ஏறியிருக்கும் நேரமெல்லாம் பெண் அடுப்படிப் புகையில் நிற்க வேண்டும். இத்தனையும் தெரிந்தபின் நாவலைத் திரும்பப் புரட்டினால், அந்தச் சொல் வரும் இடங்களிலெல்லாம் எனக்கு மரத்தின் உயரம் தெரிகிறது.

எனவே என் கருத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறேன். ஊகித்துக் கடந்துபோவது எப்போதும் போதாது. ஆனால் ‘அக்கானி – பதநீர்’ என்ற ஒற்றை வரிப் பட்டியலும் எனக்கு எதையும் கொடுத்திருக்காது. இன்னும் சொன்னால், தெரிந்துவிட்டது என்ற திருப்தியைக் கொடுத்து, நண்பரிடம் கேட்கவிடாமல் செய்திருக்கும்.

25 நவம்பர்

குமரி மாவட்ட ஊர்ப் பெயர்களின் கடைசியில் வரும் ‘விளை’ என்பதற்கு மரங்களும் பயிர்களும் நிற்கும் தோட்டநிலம் என்று பொருள் என்பதையும் அதே நண்பர்தான் சொன்னார். அம்மாண்டிவிளை வழியாகப் பேருந்தில் போனபோதெல்லாம் ‘விலை’யைத்தான் யாரோ பிழையாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறேன்.

8 டிசம்பர்

பென்சில்காரரிடம் திரும்பி வருகிறேன். அவர் எந்தெந்தச் சொற்களுக்குப் பொருள் எழுதவில்லை என்று பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. ‘முதலாளி’ என்ற சொல்லை அவர் தொடவே இல்லை. தெரிந்த சொல்தானே! ஆனால் அகமதுகண்ணு முதலாளியை ஒரு தொழிற்சாலைக்கோ கடைக்கோ உரிமையாளராக மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நாவலின் பாதி நழுவிவிடும். அங்கே அது செல்வமும் குடும்பப் பெருமையும் உள்ளவரின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் பட்டம். சம்பளம் கொடுப்பவர் என்ற பொருளில் மட்டும் வருவதன்று. செல்வம் கரைந்தபின்னும் பட்டம் ஒட்டிக்கொண்டிருப்பதில்தான் கதையின் துயரமே இருக்கிறது.

கி.ரா.வின் எழுத்தில் ‘சம்சாரி’ இப்படித்தான். எங்கள் பக்கத்தில் சம்சாரி என்றால் பிள்ளைகுட்டிக்காரர். நான் என் இருபதாவது வயதில் அவருடைய கதைகளைப் படித்தபோது, கரிசலில் இருப்பவர்கள் எல்லாரும் ஏன் இவ்வளவு பெரிய குடும்பத்தோடு அல்லல்படுகிறார்கள் என்று இரக்கப்பட்டிருக்கிறேன். சம்சாரி என்றால் அங்கே விவசாயி என்று தெரிய எனக்கு மூன்று நூல்கள் தேவைப்பட்டன. பாம்படம் என்பதைப் பாம்புப் படம் என்று படித்த காலமும் ஒன்று உண்டு. ஆனால் அது உடனே தவறு என்று தெரிந்துவிட்டது, ஏனென்றால் அதைக் கிழவி ஒருத்தி காதில் மாட்டியிருந்தாள். தெரியாத சொல் தன்னைத் தெரியாத சொல்லாகவே காட்டிக்கொள்கிறது. தெரிந்த சொல்போல் வந்து நிற்பதுதான் ஏமாற்றுகிறது; எந்தப் பட்டியலும் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை, ஏனெனில் பட்டியல் தயாரிப்பவருக்கு அது தெரிந்த சொல்.

9 டிசம்பர்

முந்தைய குறிப்பின் கடைசி வாக்கியம் மிகை. கி.ரா.வைப் போல அந்த ஊர்க்காரரே தொகுத்தால் அப்படிப்பட்ட சொற்கள் விடுபடாமல் இருக்க வாய்ப்பு உண்டு.

15 டிசம்பர்

இன்று வீட்டில் நடந்ததை எழுதியாக வேண்டும். என் மருமகள் திருவண்ணாமலைப் பக்கம் பிறந்தவர். நான் பரிந்துரைத்ததால் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளைப் படித்துக்கொண்டிருக்கிறார். நானோ கும்பகோணத்துக்காரன்; பாபுவும் யமுனாவும் எங்கள் தெருவில் இருந்தவர்கள் என்றே நினைத்து வளர்ந்தவன். அந்த நாவலில் வட்டார வழக்கு என்று ஏதாவது இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. காலையில் நான் “துணியெல்லாம் கொல்லையில் காய்கிறது, மழை வருகிறது” என்று சொன்னேன். அவர் வாசல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, “கொல்லை எங்கே மாமா இருக்கிறது? உங்களுக்கு நிலம் இருப்பதாக நீங்கள் சொன்னதே இல்லையே?” என்றார்.

அவர்கள் ஊரில் கொல்லை என்றால் புன்செய் நிலம். எங்கள் ஊரில் வீட்டின் பின்புறம். துணி நனைந்துவிட்டது என்பது வேறு கதை. தஞ்சாவூர்த் தமிழில் வந்த கதைகளில் எத்தனையோ இடங்களில் யாராவது கொல்லைப்பக்கம் போகிறார்கள், கொல்லையில் கிணற்றடியில் அழுகிறார்கள். அத்தனையையும் அவர் திறந்த வயல்வெளியாகக் கற்பனை செய்து படித்திருக்கக்கூடும் என்பதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கரிசலுக்கும் குமரிக்கும் அகராதி வேண்டுமா வேண்டாமா என்று ஒன்றரை மாதமாக விசாரித்துக்கொண்டிருந்தவனுக்கு, காவிரிக்கரைக்கு ஒன்று வேண்டியிருக்கும் என்ற எண்ணம் ஒருமுறைகூட வரவில்லை. எங்கள் பேச்சு பொதுத்தமிழ், மற்றவர்களுடையது வட்டாரத் தமிழ் என்ற எண்ணம் எனக்குள் இருந்ததை ஒரு கொடி ஈரத்துணி காட்டிக்கொடுத்தது.

17 டிசம்பர்

இது பழைய வியாதி. தொல்காப்பியம் திசைச்சொல்லைப் பற்றிச் சொல்லும்போதே செந்தமிழ் நிலத்தை நடுவில் வைத்துச் சுற்றியுள்ள பன்னிரண்டு நிலங்களைக் குறிப்பிடுகிறது. உரையாசிரியர்கள் குட்டநாட்டார் தாயைத் ‘தள்ளை’ என்பர், பூழிநாட்டார் நாயை ‘ஞமலி’ என்பர் என்று பட்டியல் தருகிறார்கள். மலையாளத்தில் இன்றும் தள்ள என்ற சொல் இருக்கிறது. குட்டநாட்டார் தரப்பிலிருந்து பார்த்து, ‘செந்தமிழ் நிலத்தார் தள்ளையைத் தாய் என்பர்’ என்று ஓர் உரை எழுதப்பட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

2 ஜனவரி 2025

நாவல்களிலிருந்து சிறிது விலகி உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தைத் திரும்பப் படித்தேன், விலகியதாக நினைத்துப் படித்தேன் என்று சொல்வதே சரி. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்து, தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிக்கொண்டே போய், அவர் சீவக சிந்தாமணியைக் கேட்டதும் வாயடைத்துப் போகும் இடம் எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கு இந்த முறை அதற்குப் பிந்தைய பகுதிதான் புதிதாகத் தெரிந்தது. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியரின் உரை இருக்கிறது. நான் கேட்கும் எந்த அகராதியையும்விடப் பெரியது அது. அப்படியும் சமண சமயம் சார்ந்த சொற்கள் சாமிநாதையருக்கு விளங்கவில்லை. என்ன செய்தார்? கும்பகோணத்தில் சமணர்கள் வாழ்ந்த வீடுகளுக்குப் போய்க் கேட்டார். சந்திரநாத செட்டியார் போன்றவர்கள் அவருக்கு விளக்கம் சொன்னார்கள். தமிழ்ப் புலவர்கள் ஏட்டில் தேடிக்கொண்டிருந்த நூலைச் சில தெருக்கள் தள்ளி ஒரு சமூகத்தார் தங்கள் சமய நூலாகப் பாராயணம் செய்துகொண்டிருந்தார்கள். 1887இல் பதிப்பு வெளிவந்தது.

இதைப் படித்தபின் குளச்சல் நண்பருக்குத் தொலைபேசி செய்து, “நீங்கள்தான் என் சந்திரநாத செட்டியார்” என்றேன். புத்தாண்டு வாழ்த்து சொல்ல அழைத்தேன் என்று நினைத்தவர் கொஞ்சம் குழம்பிப்போனார்.

19 ஜனவரி

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. நான்காவது முறை. சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் இந்தோனேசியாவின் மெடானுக்குப் போய், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு திரும்பி, மதுரையில் நாளிதழ் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக வாழ்ந்த மனிதர் எழுதியது. 1972இல் நூலாக வந்தது. மலாய், டச்சு, சீனம், செட்டிமார் கடைப் பேச்சு, சங்கப் பாடல் வரிகள் எல்லாம் ஒரே வாக்கியத்தில் இடித்துக்கொண்டு நிற்கின்றன. எந்தப் பட்டியலும் இதற்குப் போதாது. இதற்கு அகராதி போட்டால் அது நாவலைவிடக் கனத்துவிடும்.

தொடக்கத்திலேயே மெடானில் ‘கெர்க் ஸ்ட்ராட்’ என்று ஒரு தெரு வரும். அந்த ஓசைக்காகவே அதை வாய்விட்டுப் படித்திருக்கிறேன். டச்சு மொழியில் அதற்குத் தேவாலயத் தெரு என்றுதான் பொருள் என்று தெரிந்தபோது, உண்மையைச் சொன்னால், சிறிது ஏமாற்றமாக இருந்தது. எங்கள் ஊரில்கூட மாதா கோயில் தெரு இருக்கிறது. ஆனால் நாவலின் நாயகன் பாண்டியனுக்கும் அது வெறும் ஓசையாகத்தான் இருந்திருக்கும். மதுரைப் பக்கத்திலிருந்து வட்டிக்கடை வேலைக்குப் போன பையன்களுக்கு டச்சுப் பெயரின் பொருளை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? அவர்களுக்குத் தெரியாத ஒன்றை எனக்குத் தெரியவைக்கும் அடிக்குறிப்பு, என்னை அவர்களுடைய தெருவிலிருந்து வெளியேற்றிவிடும். இங்கே என் நவம்பர் 3 கருத்து அப்படியே நிற்கிறது. ‘தொங்கான்’ வேறு வகை. அந்தப் பாய்மரக் கப்பல் புயலில் சிக்கும் அத்தியாயத்தைப் படித்து முடித்தபின் அதற்குப் பொருள் கேட்பவர் எவரும் இருக்கமாட்டார்.

1 பிப்ரவரி

ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004). கடலில் கட்டுமரம் உடைந்து, மூன்று பேர் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறார்கள். அதற்கு இடையிடையே ஆமந்துறை என்ற ஊரின் மூன்று தலைமுறை விரிகிறது. மிதக்கும் பகுதிகள் அளவுக்கு ஊர்ப் பகுதிகள் என்னை இழுக்கவில்லை. பெயர்கள் மிகுதி, உறவுமுறையை நினைவில் வைத்துக்கொள்ளத் தனித்தாள் தேவைப்பட்டது. (சொல்லுக்குப் பட்டியல் வேண்டாம் என்றவன் ஆட்களுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டேன்.)

கடற்கரைத் தமிழில் கச்சான் என்பது மேற்கிலிருந்து வீசும் காற்று. இதை யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, “எங்களுக்கும் கச்சான் காற்று உண்டு; ஆனால் கச்சான் வாங்கி வா என்று சொன்னால் வேர்க்கடலை வாங்கிவர வேண்டும்” என்றார்.

9 பிப்ரவரி

என் நிலைப்பாடு என்னதான் என்று மருமகள் கேட்டார். பக்கத்துக்குள் உடுக்குறி வேண்டாம். பின்னால் பட்டியல் இருக்கட்டும். ஆனால் ஈடுசொல்லைக் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், அந்தச் சொல் அந்த ஊரில் எப்படிப் புழங்குகிறது என்று இரண்டு வரியாவது எழுத வேண்டும். அதைத் தஞ்சாவூர் நாவல்களுக்கும் போட வேண்டும். கடைசி நிபந்தனையைக் கேட்டதும் அவர் ஒப்புக்கொண்டார்.

22 பிப்ரவரி

டிசம்பரில் மீரானின் நாவலைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன், இதுவரை எழுதவில்லை. ‘மயில் தோகை’ என்பதன் கீழே, பென்சிலால் ‘சுறாவின் துடுப்பு’ என்று எழுதிவைத்தேன். நேற்று நூலகத்துக்குப் போனபோது அதே பிரதி அலமாரியில் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். என் எழுத்துக்குக் கீழே மூன்றாவது கை ஒன்று, நீல மையில், ‘சீனர்கள் இதில் சூப் வைப்பார்கள்’ என்று சேர்த்திருக்கிறது. மையால் எழுதியிருப்பது மட்டும் எனக்கு உடன்பாடில்லை.